தலைநகரில் காண்ட்ராக்ட்டா, ஊர்ப்பக்கத்தில் வேலையா? முதல்முறை முடிவெடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தலைநகரிலிருந்து, நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிக்காரர் போன் செய்கிறார். ஆறு மாத காண்ட்ராக்ட், நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்கிறார். அதே வாரம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிறுவனம் மாதச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. நாள் ரேட்டை மாதத்தின் வேலை நாள் இருபத்திரண்டால் பெருக்கிப் பார்த்தால் தலைநகர் எங்கேயோ உயரத்தில் நிற்கிறது. பலர் அந்த ஒரே பெருக்கலோடு முடிவெடுத்துவிடுகிறார்கள். மென்பொருளோ, கணக்கோ, வடிவமைப்போ, பொறியியலோ, எந்தத் துறையில் இருந்தாலும் இந்த இடத்தில் முதல்முறையாக வந்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கணக்கில் இறங்கும் முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். காண்ட்ராக்ட் ரேட் ஏன் அதிகமாக இருக்கிறது? நிறுவனம் வழக்கமாகத் தான் சுமக்கும் சில பொறுப்புகளை உங்களிடம் தள்ளிவிடுகிறது. விடுமுறை நாள், காய்ச்சலில் படுத்த நாள், வேலையே இல்லாத மாதம், ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் இனி உங்கள் பாடு. கூடுதலாக வரும் பணம் அந்தப் பொறுப்புக்கான விலை. அந்த விலை போதுமா, அந்தச் சுமையை உங்கள் வீடு தாங்குமா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான் கீழே வரும் படிகள் எல்லாம்.

படி 1: நாள் ரேட்டை வருடக் கணக்காக்குங்கள்

வருடத்துக்கு 365 நாள். வார விடுமுறை 104 போனால் 261. மாதச் சம்பளக்காரருக்கு இந்த 261 நாளுக்கும் பணம் வருகிறது. அவர் எடுக்கும் லீவும் பொது விடுமுறையும் அதற்குள் அடங்கிவிடும். ஒரு வருடம் வேலை செய்த ஊழியருக்குச் சம்பளத்தோடு குறைந்தது மூன்று வேலை வாரம் விடுப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. சுயமாக பில் போடும் காண்ட்ராக்டருக்கு இந்தப் பேச்சே கிடையாது. வராத நாளுக்குப் பணம் இல்லை.

ஆகவே 261இலிருந்து கழிக்க ஆரம்பியுங்கள். பொது விடுமுறை 10, சொந்த லீவு 20, உடம்புக்கு முடியாத நாள் 6, ஒரு காண்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை 25 என்று வையுங்கள். மிஞ்சுவது 200 நாள். எண்கள் உங்கள் நாட்டுக்கும் துறைக்கும் ஏற்ப மாறும். ஆனால் முதல் வருடத்தில் 220க்கு மேல் எழுதிக்கொள்ளாதீர்கள்.

இப்போது ஒரு முழுக் கணக்கு. ஊர்ப்பக்கத்து வேலை நாளுக்கு 100 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 26,100. நிறுவனம் உங்கள் பெயரில் கட்டும் ஓய்வூதியப் பங்கு, மருத்துவக் காப்பீடு போன்றவற்றைப் பத்து சதவீதம் என்று எடுத்தால் மொத்தம் 28,710. தலைநகர் காண்ட்ராக்ட் நாளுக்கு 150 தருகிறது. 200 நாளுக்கு 30,000. தலைநகரில் தங்கவும் வார இறுதியில் வீட்டுக்கு வந்து போகவும் வேலை நாள் ஒன்றுக்கு 25 செலவானால் 5,000 போய் 25,000தான் நிற்கும். ஒன்றரை மடங்கு ரேட் வாங்கியும் வருட முடிவில் நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள். இரண்டும் சமமாக வேண்டுமானால் ரேட் ஏறக்குறைய 169 இருக்க வேண்டும். சுமார் 1.7 மடங்கு. வேலை இல்லாத 25 நாளிலும் அறை வாடகை ஓடும் என்பதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

இந்தக் கணக்கில் வரியைச் சேர்க்கவில்லை, அது நாட்டுக்கு நாடு மாறுவதால். ஆனால் பிடித்தங்களில் யார் பங்கு எவ்வளவு என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் ஊழியர் 7.65 சதவீதம் கட்டினால் நிறுவனமும் அதே 7.65 கட்டுகிறது. சுயதொழில் செய்பவர் என்று பதிவானால் மொத்தம் 15.3 சதவீதமும் அவர் தலையில்தான் விழும். பெரும்பாலான நாடுகளில் இதற்கு நிகரான ஏதோ ஒன்று உண்டு, ரேட் பேசும்போது யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை.

படி 2: எந்த ஏற்பாட்டில் போகப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்

தலைநகர் வேலை என்பது ஒரே வகை இல்லை. தினமும் போய் வருவது, வாரம் முழுக்க அங்கே தங்கி வார இறுதியில் திரும்புவது, குடும்பத்தோடு குடிபெயர்வது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் போவது என்று நாலு வகை இருக்கிறது. நாலுக்கும் செலவு வேறு, களைப்பு வேறு. ஆறு மாத காண்ட்ராக்டை நம்பிக் குடும்பத்தைப் பெயர்ப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். முதல் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்ட பிறகு அதை யோசிக்கலாம்.

படி 3: தூரத்தை நேரமாக அளந்து பாருங்கள்

தினமும் போய் வருவதாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் ஒரு திங்கட்கிழமை காலை உண்மையிலேயே போய்ப் பாருங்கள். வீட்டுக் கதவைச் சாத்தும் நேரத்தையும் அலுவலக வாசலில் கால் வைக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் அட்டவணையில் ஐம்பது நிமிடம் என்று போட்டிருக்கும். வண்டியை நிறுத்தி, நடைமேடையில் காத்திருந்து, நகரத்துக்குள் இன்னொரு ரயில் மாறி, அங்கிருந்து நடந்து சேர்வதற்குள் தொண்ணூறு நிமிடம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை திரும்பியும் பாருங்கள், அந்தக் கூட்டம் வேறு கூட்டம்.

ஒரு பக்கம் தொண்ணூறு நிமிடம் என்றால் நாளுக்கு மூன்று மணி நேரம். 200 நாளுக்கு 600 மணி. எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் 75 நாள், கூலியில்லாமல்.

மேலே போட்ட கணக்கையே மணிக்கணக்காக மாற்றலாம். காண்ட்ராக்டருக்கு 30,000 வருகிறது, அங்கே தங்காமல் தினமும் போய் வந்தால் நாளுக்கு 20 வீதம் பயணச் செலவு 4,000 போய் 26,000. அவர் வீட்டைவிட்டு வெளியே இருக்கும் நேரம் நாளுக்கு 11 மணி, 200 நாளுக்கு 2,200 மணி. மணிக்கு 11.8 வருகிறது. ஊர்ப்பக்கத்துக்காரர் விடுமுறையும் லீவும் உடம்புக்கு முடியாத நாளும் போக 225 நாள் வேலைக்குப் போகிறார், பயணம் சேர்த்து நாளுக்கு ஒன்பது மணி, மொத்தம் 2,025 மணி. அவருடைய 28,710இலிருந்து நாளுக்கு 3 வீதம் பயணச் செலவைக் கழித்தால் அவருக்கு மணிக்கு 13.8. வீட்டுக்கு வெளியே கழியும் ஒவ்வொரு மணிக்கும் அவருக்குத்தான் அதிகம் கிடைக்கிறது.

களைப்பு பழகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜெர்மானியக் குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்கில் திரட்டிய தகவல்களைப் பொருளியலாளர்கள் புரூனோ ஃபிரேயும் அலோயிஸ் ஸ்டட்சரும் ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள். நீண்ட பயணம் செய்பவர்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே சொல்லியிருந்தார்கள். கூடுதல் சம்பளமும் மலிவான வீடும் அந்தக் குறையை முழுதாக ஈடுகட்டவில்லை. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் வேறொரு கோணத்திலிருந்து இதற்குப் பக்கத்தில் வந்தார். மனிதர்கள் சராசரியாக நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தையே பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள், வாகனம் வேகமாகும்போது அவர்கள் வாழும் வட்டம்தான் விரிகிறது என்றார். மூன்று மணி நேரம் என்பது அதைப்போல மூன்று மடங்கு. சில மாதம் தாங்கலாம், வருடக்கணக்கில் இழுக்கத் திட்டமிடாதீர்கள்.

படி 4: காண்ட்ராக்டை வரி வரியாகப் படியுங்கள்

இதில்தான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஏஜென்சி அனுப்பும் பி.டி.எஃப்பைத் திறந்து பேனாவோடு உட்காருங்கள்.

முதலில் நோட்டீஸ். ஆறு மாத காண்ட்ராக்ட் என்று வாயால் சொன்னது தாளில் எப்படி இருக்கிறது? 'கிளையன்ட் ஒரு வார அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி இருந்தால் (கிளையன்ட் என்பது நீங்கள் வேலை செய்து கொடுக்கும் நிறுவனம்) உங்களிடம் இருப்பது ஒரு வார காண்ட்ராக்ட்தான், அது 26 முறை நீளலாம், நீளாமலும் போகலாம். அதே தாளில் நீங்கள் விலக நான்கு வாரம் கேட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் பல நேரம் மாற்றுவார்கள். 'வேலை தர வேண்டிய கட்டாயம் இல்லை' என்ற வரி இருந்தால் நோட்டீஸ் காலத்திலும் பணம் வராமல் போக வாய்ப்புண்டு. அந்த நாட்களுக்குப் பணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பணம் எப்போது வரும் என்பது. மாதம் முடிந்ததும் வேலை செய்த நாட்களைக் குறித்து டைம்ஷீட் போடுவீர்கள், கிளையன்ட் மேனேஜர் ஒப்புதல் தர வேண்டும், பிறகு இன்வாய்ஸ் என்ற பில், அதன்பின் 30 நாளோ 45 நாளோ. முதல் தேதி வேலையில் சேர்ந்தவர் கைக்கு முதல் பணம் வர அறுபதாவது நாள் ஆகும், 45 நாள் தவணை என்றால் எழுபத்தைந்து. மேனேஜர் லீவில் போனால் அதற்கும் மேல். கிளையன்ட் கொடுத்த பிறகுதான் ஏஜென்சி கொடுக்கும் என்று ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள், அந்தத் தாமதத்தைச் சுமப்பதற்கும் சேர்த்துத்தான் ஏஜென்சி தன் பங்கை எடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறை நிறுவனங்களுக்கு இடையிலான பட்டுவாடாவுக்கு 60 நாளைப் பொது எல்லையாக வைத்திருக்கிறது, வெளிப்படையாக வேறு ஒப்புக்கொண்டால் நீளலாம். உங்கள் நாட்டில் இப்படி ஒரு எல்லை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார் என்பது. ஏஜென்சியின் ஊழியரா, சுயதொழில் செய்பவரா, சொந்தக் கம்பெனி வழியாக வேலை செய்பவரா? விடுப்பு உரிமையும் வரியும் இதை வைத்தே மாறும். பெயரளவில் காண்ட்ராக்டராக இருந்து, வேலையில் ஊழியர் போலவே நடத்தப்படுபவர்களைப் பல நாட்டு வரித்துறைகள் தனியாகக் கவனிக்கின்றன. பிரிட்டனில் இதற்கான விதி 2000ஆம் ஆண்டிலேயே வந்தது, 2021 ஏப்ரலிலிருந்து தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களே அந்த நிலையைத் தீர்மானிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். ஒரே ரேட்டில் கையில் நிற்கும் தொகை இதனால் கணிசமாக மாறிவிடும். ஒரு மணி நேரம் கணக்காளரிடம் உட்கார்வதற்கு ஆகும் கட்டணத்தை இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நான்காவது, வேலை செய்யும் இடம். 'வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்யலாம்' என்று இன்டர்வியூவில் சொல்லியிருப்பார்கள். தாளில் 'கிளையன்ட் சொல்லும் இடம்' என்று இருக்கும். வீட்டிலிருந்து வேலை என்பதை நம்பித்தான் நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால், நாட்களின் எண்ணிக்கை தாளில் ஏறாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலை முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ அந்தக் கிளையன்ட்டிடம் நேரடியாகச் சேரக்கூடாது என்ற தடையும் பெரும்பாலும் இருக்கும். காலத்தைக் குறைக்கப் பேசிப் பாருங்கள். தவறு நேர்ந்தால் நஷ்டஈட்டுக்கு எல்லை உண்டா, தொழில்முறைக் காப்பீடு யார் எடுக்க வேண்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், காப்புத்தொகை என்று ஏஜென்சி உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் பற்றிய 1997ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின் பொது விதி, வேலை தேடுபவரிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்பதுதான்.

படி 5: கையிருப்பைப் பாருங்கள்

தலைநகரில் அறைக்கு முன்பணம், முதல் மாத வாடகை, பயண பாஸ், இரண்டரை மாதச் சாப்பாடு. இத்தனையும் முதல் பணம் வருவதற்கு முன்பே போகும். அதோடு காண்ட்ராக்ட் திடீரென்று முடிந்தால் மூன்று மாதம் வீட்டை ஓட்ட வேண்டும். ஆக ஐந்தாறு மாத வீட்டுச் செலவு சேமிப்பில் இல்லாமல் போகாதீர்கள் என்பது என் திடமான கருத்து. கடன் வாங்கிப் போகிறவர் அடுத்த காண்ட்ராக்டை ரேட் பேசாமல் ஒப்புக்கொள்வார், ஏஜென்சிக்கும் அது தெரிந்துவிடும்.

படி 6: ஊர்ப்பக்கத்து வேலையையும் அதே கண்ணோடு பாருங்கள்

வீட்டுப் பக்கத்து வேலை என்றாலே நிலையானது என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. உங்கள் திறமைக்குச் சம்பளம் கொடுக்கக்கூடிய நிறுவனங்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனை? விரல்விட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால், அது மூடும் நாளில் எப்படியும் ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டியிருக்கும், அதுவும் பேரம் பேச வழியில்லாமல். ஒரே தொழில்காரர்கள் ஓரிடத்தில் திரளும்போது வேலை தேடுபவருக்கும் ஆள் தேடுபவருக்கும் நன்மை என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே விளக்கியிருக்கிறார். அரசு அலுவலகங்களும் பெரிய வங்கிகளின் தலைமையகங்களும் குவிந்த தலைநகரில் இதை நேரில் பார்க்கலாம், ஒரு காண்ட்ராக்ட் போனால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும்.

கற்றுக்கொள்வது இன்னொரு பெரிய விஷயம். ஸ்பெயின் தொழிலாளர்களின் சம்பளப் பதிவுகளை வைத்து ஹோர்ஹே தெ லா ரோகா, தியேகோ புகா இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு மாட்ரிட், பார்சிலோனா போன்ற பெருநகரங்களில் பெறும் அனுபவத்துக்கு மதிப்பு அதிகம் என்று காட்டியது. அந்த மதிப்பு நகரத்தைவிட்டு வெளியேறிய பிறகும் பெரிதும் கூடவே வருகிறது. இதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். தொழிலின் தொடக்கத்தில், வீட்டுப் பொறுப்பு கூடுவதற்கு முன், இரண்டு மூன்று வருடம் தலைநகரில் கழிப்பவர் அந்தத் திறமையை ஊருக்குத் திரும்பும்போதும் கொண்டுவர முடியும். சின்னக் குழந்தையோ படுத்த பெற்றோரோ வீட்டில் இருப்பவருக்கு இதே தராசு எதிர்த்திசையில் சாய வேண்டும், சம்பளம் குறைந்தாலும்.

ஊர் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை சில உண்டு. போன மூன்று வருடத்தில் சம்பள உயர்வு எப்படி இருந்தது, உங்களுக்கு மேலே யார், அவரிடம் கற்க என்ன இருக்கிறது, நோட்டீஸ் எவ்வளவு. அங்கே வேலை பார்த்து விலகியவர் ஒருவரிடமும் பேசிவிடுங்கள்.

படி 7: வீட்டில் பேசுங்கள், வேலை வாரியாக

'சமாளிச்சுக்கலாம்' என்ற பதிலை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு தாளில் திங்கள் முதல் வெள்ளிவரை போட்டு, காலை ஏழு மணிக்குக் குழந்தையைக் கிளப்புவது யார், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகும் வியாழக்கிழமை யார் பொறுப்பு, இரவு மோட்டார் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று பெயர் எழுதுங்கள். உங்கள் பெயர் இருந்த கட்டங்கள் எல்லாம் இப்போது யாரிடம் போகின்றன என்று தெரியும். ஒரே ஆள் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஆளிடம் நேராகக் கேளுங்கள், மற்றவர்கள் இல்லாத நேரத்தில். கூலிக்கு ஆள் வைக்க வேண்டிய கட்டங்கள் இருந்தால் அந்தச் செலவைப் படி 1இல் சேருங்கள்.

படி 8: நடுவழி உண்டா என்று கேளுங்கள்

தலைநகர் கிளையன்ட்டிடம் வாரத்துக்கு இரண்டு நாள் நேரில் வருகிறேன், அந்த இரண்டும் அடுத்தடுத்த நாளாக இருக்கட்டும் என்று கேட்கலாம். ஒரே ஒரு இரவு தங்கினால் போதும், ஐந்து நாள் பயணம் ஒரு பயணமாகச் சுருங்கும். ரேட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இதைக் கேட்கலாம், படி 3இன் மணிக்கணக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதைச் சொல்லிவிடும். ஊர் நிறுவனத்திடமும் காண்ட்ராக்ட் அடிப்படையில் வர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

படி 9: போவதென்றால், திரும்பும் தேதியோடு போங்கள்

காண்ட்ராக்ட் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு எட்டு வாரம் முன்னால் இன்னொரு குறி போடுங்கள். அன்று கிளையன்ட் மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: 'அடுத்த பட்ஜெட்ல இந்த வேலைக்குப் பணம் ஒதுக்கியாச்சாங்க?' 'பார்க்கலாம்' என்று பதில் வந்தால் ஒதுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு அன்றே தேட ஆரம்பியுங்கள். செலவைக் குறைக்கும்போது நிறுவனங்கள் முதலில் கை வைப்பது காண்ட்ராக்டர்கள் மேல்தான், நிதியாண்டு முடியும் மாதங்களில் இன்னும் கவனமாக இருங்கள். ஒதுக்கியாச்சு என்றால் ரேட் பேச அதுவே நல்ல நேரம், புது ஆளைத் தேடிப் பழக்குவதற்கு ஆகும் காலம் மேனேஜருக்குத் தெரியும்.

அதே வாரத்தில் படி 1இன் தாளை எடுத்து, ஊகமாக எழுதிய எண்களை அடித்துவிட்டு நடந்த எண்களை எழுதுங்கள். எத்தனை நாள் உண்மையில் பில் போட்டீர்கள், அறைக்கும் பயணத்துக்கும் என்ன ஆயிற்று, எத்தனை வார இறுதி வீட்டுக்கு வர முடியவில்லை. ஊர்ப்பக்கத்து நிறுவனத்தில் உங்களை இன்டர்வியூ செய்தவருக்கு ஒரு போன் செய்து, இடம் ஏதாவது இருக்கிறதா, என்ன சம்பளம் என்று விசாரியுங்கள். புதுப்பிப்புத் தாள் வரும்போது அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த இரண்டும் கையில் இருக்க வேண்டும்.